கடலில் கொட்டிய எண்ணெயை அள்ளுபவர் உடம்புக்கு என்ன ஆகிறது?

2017 ஜனவரி 28, இன்னும் விடியாத நேரம். சென்னையை ஒட்டிய எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. 'பி.டபிள்யூ. மேப்பிள்' எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய கப்பல். 'டான் காஞ்சிபுரம்' பெட்ரோலியப் பொருட்களுடன் துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த கப்பல். இந்த இரண்டாவது கப்பலில் ஏற்பட்ட உடைப்பு வழியாக, அது ஓடுவதற்காக வைத்திருந்த கனமான எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. ஒன்றிரண்டு நாளில் எர்ணாவூர் கரையில் பாறைக்குப் பாறை கறுப்பாக அப்பிக்கொண்டது.

நான் அங்கே போனது மூன்றாம் நாள். கடலோரக் காவல்படையினர், தீயணைப்பு வீரர்கள், மீனவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த நாட்களில் அந்தக் கரையில் வேலை செய்தார்கள். சாக்கடை உறிஞ்சும் சூப்பர் சக்கர் வண்டிகளும் வந்திருந்தன. ஆனால் பாறை இடுக்கில் புகுந்துவிட்ட எண்ணெயை மனிதக் கைதான் எடுக்க வேண்டியிருந்தது. கீழே ஒருவர் மக்கால் அள்ளி வாளியில் ஊற்றுவார், வாளி கைமாறிக் கைமாறி மேலே வரும், மேலே நிற்பவர் டிரம்மில் கவிழ்ப்பார். அந்த வரிசையில் நானும் மூன்று மணி நேரம் நின்றேன். எண்ணெய் என்றால் வழவழவென்று ஓடும் என்று நினைத்துப் போனவன் நான். கைக்கு வந்ததோ கட்டித் தயிர் பதத்தில், தார் நிறத்தில், வாளியைக் கவிழ்த்தாலும் விழ அடம்பிடிக்கும் ஒன்று. எனக்குப் பக்கத்தில் நின்ற மீனவர் முதல் நாளிலிருந்து அங்கேயே இருப்பவர். முகத்தில் தெறித்ததை நான் தோள்பட்டையால் துடைக்கப் போனபோது தடுத்தார். "தொடைக்காத தம்பி. தொடைச்சா இன்னும் பரவும். அப்புறம் போவவே போவாது."

திரும்பும்போது பஸ்ஸில் தலை விண்விண்ணென்று வலித்தது. கண் எரிந்தது. இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது. மூன்று மணி நேரம் நின்ற எனக்கே இப்படியென்றால், பத்து நாளுக்கு மேல் நின்ற அந்த அண்ணனுக்கு என்ன ஆகியிருக்கும்? அன்றிலிருந்து இந்தக் கேள்வியோடு நான் படித்துத் தெரிந்துகொண்டதை, மருத்துவமோ வேதியியலோ படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், எண்ணெய் என்பது என்ன?

பூமிக்கடியிலிருந்து வரும் கச்சா எண்ணெய் ஒரே பொருள் இல்லை. ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களின் கலவை அது. புரிந்துகொள்ள வசதியாக அதை இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று லேசான பங்கு. தட்டில் வைத்த கற்பூரம் தானாகவே காற்றில் கரைந்து போகிறதே, அந்தக் குணம். இன்னொன்று கனமான பங்கு. ரோடு போடும் தாரைப் போல, போட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

லேசான பங்கில் முக்கியமான நான்கு பேர் பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன். பெட்ரோல் பங்க்கில் மூக்கில் ஏறும் வாசனையில் இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். எண்ணெய் கொட்டிய முதல் சில மணி நேரத்தில் தொடங்கி ஓரிரு நாட்களுக்குள் இவற்றில் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். மூச்சு வழியாக உள்ளே போனால் மூளையை மந்தமாக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், நிற்க முடியாத அளவுக்குத் தள்ளாட்டம் எல்லாம் இதனால்தான். நான்கில் மோசமானது பென்சீன். இரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையை அது தாக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகத்துக்கு இடமின்றி உறுதியான பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. நீண்ட நாள் பென்சீனைச் சுவாசித்த தொழிலாளர்களிடம் இரத்தப் புற்றுநோய் கூடுதலாக வந்ததைப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆவி அதிகமாக இருப்பது முதல் இரண்டு நாளில். அந்த இரண்டு நாளில் கரையில் இருப்பவர் யார்? பாதுகாப்பு உடையோடு வரும் நிபுணர் குழு எங்கிருந்தோ கிளம்பி வந்து சேர வேண்டும். கரையிலேயே வீடு வைத்திருக்கும் மீனவர் யாரும் கூப்பிடாமலே இறங்கிவிடுகிறார். வலையையும் படகையும் காப்பாற்ற வேண்டுமே. காற்று மோசமாக இருக்கும்போது வெறும் கையோடு நிற்பவரும், காற்று ஓரளவு தெளிந்த பிறகு முழு உடுப்போடு வருபவரும் வேறு வேறு ஆட்கள். உலகில் எண்ணெய் கொட்டிய பல கரைகளில் இதுதான் நடந்தது.

கனமான பங்குக்கு வருவோம். இதில் உள்ளவை பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். பெயர் பயமுறுத்தினாலும் இந்தக் குடும்பத்தில் மிகச் சிறிய ஆள் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே போடும் அந்துருண்டை பெரும்பாலும் நாஃப்தலீன். அதன் அண்ணன்மார்தான் தாரிலும், புகையிலும், கப்பல் எரிஎண்ணெயிலும் இருக்கிறார்கள். அவற்றில் பென்சோபைரீன் போன்ற சில, புற்றுநோய் உண்டாக்குபவை. இவை காற்றில் அவ்வளவாக ஏறுவதில்லை. தோலில் ஒட்டி, மெல்ல மெல்ல உள்ளே இறங்குபவை.

சில வகைக் கச்சா எண்ணெயில் கந்தகம் அதிகம். அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு வரும். அழுகிய முட்டை நாற்றம். இதன் பொல்லாத குணம், அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக நிற்பவர் உண்மையில் முன்னைவிட மோசமான காற்றில் நிற்கலாம். "வாசனை போயிடுச்சு, இனி பயமில்லை" என்று எண்ணெய்க்குப் பக்கத்தில் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

கடலில் கொஞ்ச நாள் அலைபட்ட எண்ணெய் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு, மோர் கடைந்து வெண்ணெய் திரள்வது போலத் திரண்டு, பல மடங்கு பெருக்கும். எர்ணாவூரில் என் கைக்கு வந்த கட்டித் தயிர் அதுதான். கொட்டிய எண்ணெயைவிட அள்ளிய கசடு அதிகமாக இருப்பதும் இதனால்தான்.

உடம்புக்குள் போகும் வழிகள்

மூச்சு முதல் வழி. இங்கே பலர் ஏமாறுவது முகமூடியில். துணி முகமூடியோ, மருத்துவமனைகளில் போடும் நீல முகமூடியோ எண்ணெய் ஆவியைத் தடுக்காது. கொரோனா காலத்தில் நமக்குப் பழகிய என்-95 தூசியையும் நுண்துளியையும் தடுக்கும், ஆவி அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும். ஆவியைப் பிடிக்க, அதை உறிஞ்சும்படி செயலூட்டிய கரி அடைத்த குப்பி பொருத்திய முகக்கவசம் வேண்டும். அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், குப்பியைக் குறித்த நேரத்தில் மாற்ற வேண்டும்.

தோல் இரண்டாவது வழி. நம் தோலின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. எண்ணெயும் அதன் கரைப்பான்களும் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். தோல் வறண்டு வெடிக்கும். மயிர்க்கால்கள் அடைபட்டு, முழங்கையிலும் தொடையிலும் கொத்துக் கொத்தாகக் கட்டி வரும். தார் வேலை செய்பவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: தார் பட்ட இடத்தில் வெயில் பட்டால் தீ வைத்தது போல எரியும். பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்குபவை. கடற்கரையில் நிழல் ஏது?

சரி, அப்பிய எண்ணெயை எப்படி எடுப்பது? நம் ஊரில் எல்லோருக்கும் உடனே தோன்றுவது மண்ணெண்ணெய். அல்லது வண்டியிலிருந்து உருவிய பெட்ரோல். அன்று எர்ணாவூரில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் மண்ணெண்ணெய் கைமாறிக்கொண்டிருந்தது. ஒருவர் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுப்பார். இரண்டு தேய்ப்பில் கறுப்பு இளகி, நகக்கண் வரைக்கும் வெளுத்துவிடும், அது உண்மை. ஆனால் கறுப்போடு சேர்த்துத் தோலின் காவல் படலத்தையும் வழித்தெடுத்துவிட்டு, எண்ணெயில் இருந்த நச்சு எளிதாக உள்ளே இறங்கக் கதவைத் திறந்து வைக்கிறது மண்ணெண்ணெய். அடுப்பங்கரையில் இருக்கும் தேங்காயெண்ணெயோ சமையல் எண்ணெயோ போதும். தேய்த்து ஊறவிட்டு, துணியால் வழித்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் மெதுவாகப் போகும். நேரம் ஆகும்தான். தோல் மிஞ்சும்.

மூன்றாவது வழி வாய். எண்ணெயை யார் குடிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் பதினொரு மணிக்கு டீயும் பன்னும் வரும். கழுவத் தண்ணீர் இருக்காது. பன்னைக் காகிதத்தோடு பிடித்துச் சாப்பிட்டால்கூட விரல் பட்ட ஓரம் உள்ளே போகும். பீடியும் அப்படித்தான். வேலை முடிந்து அதே லுங்கியோடு வீட்டுக்குப் போனால், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கும், மறுநாள் அந்தத் துணியைத் துவைக்கும் மனைவிக்கும் பங்கு போய்ச் சேரும். கடலுக்குப் பக்கத்திலேயே போகாதவருக்கு அரிப்பு வருவது இப்படியும்தான்.

உலகம் கண்ட மூன்று கரைகள்

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' கப்பல் பாறையில் ஏறி, ஏறக்குறைய நான்கு கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. சுமார் 11,000 பேர் துப்புரவு வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். கரைப் பாறைகளை அதிக அழுத்தத்தில் வெந்நீர் பீய்ச்சிக் கழுவினார்கள். பாறை சுத்தமானது. ஆனால் வெந்நீர் பட்ட எண்ணெய் பனிமூட்டம் போலத் துளித்துளியாக எழும்ப, அந்த மூட்டத்துக்குள் நின்றுதான் நாள் முழுக்க வேலை. இருமலும் சளியும் தொண்டைக் கமறலும் பரவலாக வந்தன. தொழிலாளர்களே அதற்கு 'வால்டீஸ் சளி' என்று பொருள்படும் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். பதிவேட்டில் அது சாதாரண மேல்மூச்சுத் தொற்று என்று ஏறியது. சளி, காய்ச்சலைத் தொழில்சார்ந்த நோயாக அறிவிக்க வேண்டாம் என்று அந்நாட்டு விதி. அதோடு கதை முடிந்தது. அந்தத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் பெரிய ஆய்வு நடக்கவே இல்லை. எனக்கு இந்தச் செய்தியில் எண்ணெயின் அளவைவிட வலித்தது இதுதான்.

அடுத்தது ஸ்பெயின். 2002 நவம்பரில் 'பிரெஸ்டீஜ்' கப்பல் உடைந்து மூழ்கி, அறுபதாயிரம் டன்னுக்கும் மேல் எண்ணெய் கடலில் கொட்டி, கலீசியா கரையில் வந்து ஒதுங்கியது. அந்தக் கப்பலில் இருந்ததும் கனமான எரிஎண்ணெய். எண்ணூரில் கொட்டியதும் அதே குடும்பம்தான். அளவில் ஒப்பிடவே முடியாது என்றாலும், நம் மீனவருக்கு என்ன ஆகலாம் என்று தெரிந்துகொள்ள கலீசிய மீனவர்தான் நெருக்கமான ஆள். அந்தக் கறுப்புக் களிக்கு அவர்கள் பேச்சில் 'சாப்பபோத்தே' என்று பெயர். நாடெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கான தொண்டர்கள் வந்தார்கள். உள்ளூர் மீனவர்கள் தங்கள் படகிலேயே போய் வாரி எடுத்தார்கள்.

அங்கே மருத்துவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2004-ல், அதாவது ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். அள்ளியவர்களிடம் இளைப்பு, மூச்சுத்திணறல், இருமல், சளி ஆகியவை அள்ளாதவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. எத்தனை நாள் அள்ளினார், எத்தனை விதமான வேலை செய்தார் என்பது கூடக் கூடத் தொந்தரவும் கூடியது. எண்ணெயை விட்டு விலகிக் காலம் ஆக ஆக அது குறைந்தது. இந்த ஏறுமுகமும் இறங்குமுகமும் முக்கியம். காரணம் வேறெதுவோ என்றால், அள்ளிய நாட்களின் கணக்கோடு நோய் இப்படிச் சேர்ந்து நடப்பது கடினம்.

பிறகு இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். அதிகம் அள்ளிய 501 மீனவர்களையும், அள்ளாத 177 மீனவர்களையும் வரவழைத்தார்கள். குளிரூட்டிய குழாய்க்குள் மூச்சுவிடச் சொல்லி, மூச்சிலிருந்த ஈரத்தைத் துளியாக்கிச் சோதித்தார்கள். கண்ணாடியில் ஊதினால் படிகிறதே, அந்த ஈரம்தான். நுரையீரல் உள்ளுக்குள் புண்பட்டால் சில இரசாயனத் தடயங்கள் அதில் வரும். அள்ளியவர்களின் மூச்சில் அந்தத் தடயம் கூடுதலாக இருந்தது, எண்ணெயை விட்டு இரண்டு ஆண்டு ஆன பிறகும். அவர்களுடைய இரத்த அணுக்களில், மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களின் முறிவுகளும் கூடுதலாகத் தெரிந்தன.

குரோமோசோம் முறிந்தது என்றால் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. உடம்பு தினமும் இப்படி முறிவதும் ஒட்டுவதுமாகத்தான் இருக்கிறது. ஆனால் முறிவு வழக்கத்தைவிட அதிகம் என்றால் அந்த ஆளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் ஆறாவது ஆண்டில் மறுபடியும் கூப்பிட்டார்கள். நுரையீரலில் தெரிந்த வேறுபாடுகள் பெரும்பாலும் மங்கியிருந்தன. நல்ல செய்தி. குரோமோசோம் சேதத்தின் சுவடு மட்டும் இன்னும் இருந்தது.

மூன்றாவது கரை மெக்சிகோ வளைகுடா. 2010 ஏப்ரல் 20 அன்று கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் 'டீப்வாட்டர் ஹொரைசன்' மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடலடிக் கிணறு 87 நாள் திறந்த வாயாகக் கக்கியது. மீன்பிடிக்கத் தடை போட்டதால் தொழில் இழந்த மீனவர்களையே, அவர்கள் படகோடு வாடகைக்கு எடுத்து எண்ணெய் வாரவிட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி இல்லாதவர், தன் வயிற்றில் அடித்த எண்ணெயையே அள்ளிக் கூலி வாங்கினார்.

அங்கே எண்ணெயோடு வேறு சிலவும் சேர்ந்தன. பாத்திரம் தேய்க்கும் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைச் சிறுசிறு துளியாக உடைக்கிறது அல்லவா, அதே வேலையைக் கடலில் செய்ய 'கோரெக்ஸிட்' என்ற சிதைப்பான் திரவத்தை ஏறக்குறைய எழுபது இலட்சம் லிட்டர் பயன்படுத்தினார்கள். கடல்மேல் மிதந்த எண்ணெயை வேலிகட்டிச் சேர்த்துத் தீ வைத்தும் எரித்தார்கள். அந்தப் புகையில் நுண்தூசி. சிதைப்பானோடு வேலை செய்தவர்கள் மூக்கு, தொண்டை, கண் எரிச்சலையும் நெஞ்சு இறுக்கத்தையும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள்.

இந்த முறை அமெரிக்க அரசு அலாஸ்காவில் விட்டதை வளைகுடாவில் விடவில்லை. வேலைக்கு வந்த 55,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயரை வேலை நடக்கும்போதே பதிவேட்டில் ஏற்றினார்கள். அதையும் ஓர் ஆதாரமாக வைத்து, 2011-ல் தேசிய சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம் தொடங்கிய ஆய்வில் 32,608 பேர் சேர்ந்தார்கள். பதினோராயிரம் பேருக்கு மேல் வீட்டுக்கே போய் இரத்த அழுத்தம், நுரையீரல் ஊதுதிறன் எல்லாம் பார்த்தார்கள். யாரோடு ஒப்பிட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வேலைக்கான பயிற்சி எடுத்துக்கொண்டு, கடைசியில் கூப்பிடப்படாமல் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதே ஊர், அதே கஷ்டம், எண்ணெய் மட்டும் படவில்லை. இதைவிட நியாயமான ஒப்பீடு கிடைக்காது. அவர்களைவிட, எண்ணெய் அள்ளியவர்களுக்கு முதல் மூன்று ஆண்டுக்குள் ஆஸ்துமாவோ அதன் அறிகுறிகளோ வரும் வாய்ப்பு 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. எண்ணெய் ஆவி அதிகம் பட்டவர்களிடம் மாரடைப்பும் கூடுதலாகத் தெரிந்தது. நுரையீரலைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதயத்தைப் பற்றிய இந்தச் செய்தி புதிது.

வெயிலும் மனசும்

எண்ணெயை மட்டுமே பேசினால் கரையில் முதலில் விழுபவரை விட்டுவிடுவோம். வளைகுடாக் கோடையில் பலரைச் சாய்த்தது வெப்பம். காற்றுப் புகாத வெள்ளை உடுப்பு, ரப்பர் பூட்ஸ், இரட்டைக் கையுறை, மேலே வெயில். உடம்பு வியர்க்கும், ஆனால் வியர்வை ஆறாது. அதனால் வேலை நேரத்தைவிட ஓய்வு நேரம் அதிகமாக இருக்கும்படிகூட முறை வைக்க வேண்டி வந்தது. சென்னை வெயிலில், கூடாரமும் குடிநீரும் மாற்றாளும் இல்லாமல் உடுப்பை மட்டும் கொடுத்தால், அரை மணி நேரத்தில் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எறிபவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலாஸ்காவில் விபத்துக்கு ஓராண்டு கழித்து 13 ஊர்களில் 599 பேரிடம் கேட்டபோது, எண்ணெயால் அதிகம் பாதிக்கப்பட்டவர்களிடம் மனப்பதற்றக் கோளாறு மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. கடலை நம்பி இருப்பவர் கண்முன்னே அந்தக் கடல் கறுத்தால் தூக்கம் எப்படி வரும்? குடி கூடுவது, வீட்டில் சண்டை, காரணமில்லாத அசதி இவையெல்லாம் எண்ணெய் அள்ளியவரின் நோய்க்கணக்கில் சேர வேண்டியவை.

நிரூபிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூருக்கு மறுபடி எண்ணெய் வந்தது. இம்முறை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை அடைந்தது. வெள்ளத்தில் வீட்டுச் சுவர் வரைக்கும் எண்ணெய்க் கோடு. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம் மீனவர்கள் மறுபடியும் மக்கும் டிரம்முமாகப் படகேறினார்கள். தோலில் அரிப்பும் தடிப்பும் கண்ணெரிச்சலும் என்று பலர் சொன்னார்கள்.

இப்போது அவர்களில் ஒருவருக்கு ஐந்து ஆண்டு கழித்து இளைப்பு வருகிறது என்று வையுங்கள். எண்ணெயால்தான் என்று எப்படிச் சொல்வது? எண்ணூரில் அனல் மின்நிலையச் சாம்பல் உண்டு, தொழிற்சாலைப் புகை உண்டு, கன்டெய்னர் லாரி உண்டு. அவர் பீடி குடிப்பவராகவும் இருக்கலாம். பென்சீன் உடம்பில் தங்கும் பொருளும் இல்லை. சில நாளில் சிறுநீரில் போய்விடும். அள்ளிய அன்றே எடுக்காத சிறுநீர் மாதிரியை ஐந்து ஆண்டு கழித்து எடுக்க முடியாது. அள்ளுவதற்கு முன் அவருடைய நுரையீரல் எப்படி இருந்தது என்ற அளவும் இருக்காது.

இவ்வளவு ஆய்வு நடந்த அமெரிக்காவிலேயே, உடல்நலக் கேட்டுக்காகத் தனித்தனியாக வழக்குப் போட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரின் வழக்கு தள்ளுபடியானது. ஊருக்கு நோய் கூடியிருக்கிறது என்று ஆய்வு காட்டும். இந்த ஆளின் நோய் இந்த எண்ணெயால்தான் என்று நீதிமன்றம் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் தேவைப்படுவது, அன்று அவர் எவ்வளவு நேரம், எவ்வளவு எண்ணெயில் நின்றார் என்ற கணக்கு. அந்தக் கணக்கு இல்லையென்றால் எத்தனை பெரிய மருத்துவராலும் உதவ முடியாது.

ஆகவே கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் முன்னால் கரைக்கு வர வேண்டியது ஒரு நோட்டும் பேனாவும் என்பது என் கருத்து. யார் வந்தார், வயது என்ன, எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏறினார், என்ன அணிந்திருந்தார், என்ன வேலை. கூடவே ஒரு செவிலியர் நின்று இரத்த அழுத்தமும் ஊதுதிறனும் பார்த்து எழுதிவிட்டால் இன்னும் நல்லது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு குடை. இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

ஏற்கனவே அள்ளியவர்களுக்கு

எல்லோருக்கும் நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. ஒருநாள் இருநாள் அள்ளியவர்களில் பெரும்பாலோருக்கு என்னைப் போலத் தலைவலியோடு போய்விடும். பல நாள் அள்ளியவர்கள், ஏற்கனவே இளைப்போ இதயக் கோளாறோ உள்ளவர்கள், அப்போது கர்ப்பமாக இருந்த பெண்கள் மட்டும் அலட்சியமாக இருக்கக் கூடாது. ஏறும் படியில் புதிதாக மூச்சு வாங்கினால், இரவில் இருமல் எழுப்பினால், நெஞ்சு அடைத்தால், ஆறாத புண்ணோ நிறம் மாறிய மச்சமோ இருந்தால், காரணமில்லாமல் உடம்பு வெளிறினால் மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது "இருமல்" என்று மட்டும் சொன்னால் அவர் இருமலுக்கு மருந்து எழுதுவார். எண்ணெய் அள்ளியதை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். ஊதுதிறன் சோதனையும் இரத்த அணுக்களின் எண்ணிக்கைச் சோதனையும் அரசு பொது மருத்துவமனையிலேயே கேட்டுச் செய்துகொள்ளலாம்.

போன மாதம் அந்த எர்ணாவூர் அண்ணனுக்கு போன் போட்டேன். மாடி ஏறினால் இப்போது மூச்சு வாங்குகிறதாம். மருத்துவரிடம் காட்ட ஒரு தாளில் எழுதித் தருகிறேன், சொல்லுங்கள் என்றேன். யோசித்து யோசித்துச் சொன்னார். முதல் நாளிலிருந்து பதினொரு நாள். காலை ஏழு மணிக்கு இறங்கினால் இரண்டு மணி வரை. முதல் மூன்று நாள் கையுறை கிடையாது. முகத்துக்குத் துண்டு. பீடி அப்போது உண்டு, இப்போது விட்டு மூன்று வருஷம். நாலாம் நாள் இரண்டு முறை வாந்தி. முழங்கையில் வந்த கட்டி ஆற ரெண்டு மாசம். நான் எழுதி முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது அவரே மறுபடி பேசினார். "தினிக்கும் ராத்திரி கையக் கிருஷ்ணாயில்லதான் கழுவுனேன். அதையும் போட்டுக்கோ தம்பி." போட்டுக்கொண்டேன்.